பாதுஷா தலைக்கு மேல பத்து லட்சம் கிலோ!

திண்டுக்கல்னா பூட்டு, பிரியாணி, மலைக்கோட்டை. நாலாவதா ஒண்ணு சொல்லுங்கன்னா நம்ம பசங்க முழிப்பாங்க. நான் சொல்றேன், எழுதிக்கோங்க. பேகம்பூர்! டவுன் பஸ்ல கண்டக்டர் அண்ணன் அந்தப் பேரைக் கத்துறதைக் கேட்டுக்கிட்டேதான் காலேஜ் போறோம், வர்றோம். அந்த ‘பேகம்’ யாருன்னு ஒரு நாளாவது யோசிச்சோமா பாஸ்?

ஹைதர் அலியோட தங்கச்சிங்க அவங்க. பேரு அமீருன்னிசா பேகம். மைசூர் படையில வேகமா மேல வந்துக்கிட்டிருந்த ஹைதர், 1755-ல திண்டுக்கல்லுக்கு ஃபௌஜ்தாரா வந்தார். ஃபௌஜ்தார்னா கோட்டையையும் பார்த்துக்கணும், பாளையக்காரங்ககிட்ட கப்பமும் வசூல் பண்ணணும். பாதி மிலிட்டரி, பாதி கலெக்டர்னு வச்சுக்கோங்க. பிரெஞ்சுக்காரங்களை வரவழைச்சு ஆயுதக் கிடங்கு அமைச்சதும் இங்கேதான். பின்னாடி மைசூரையே ஆண்டவருக்கு ‘ஹவுஸ் சர்ஜன்’ பீரியட் நம்ம ஊர்லதான்! அவரோட தங்கச்சி அடக்கமானது பெரிய பள்ளிவாசல் இருக்கிற இடத்துல. அதனால அந்த ஏரியாவே பேகம்பூர் ஆயிடுச்சு.

எங்க கிளாஸ்ல ஒருத்தி பேகம்பூர்க்காரி. ‘‘நாங்க சின்ன வயசுல அந்த பேகம் சமாதியைச் சுத்தித்தான் ஓடிப் பிடிச்சு விளையாடுவோம்’’னு சாதாரணமா சொன்னா. எனக்குத்தான் தூக்கம் போச்சு. சிவில் படிக்கிற பொண்ணுகிட்ட சமாதின்னு சொன்னா பேய் ஞாபகம் வராது. ‘மேல டோம் இருக்கா? சிங்கிளா, டபுளா? லோடு எப்படி கீழே இறங்குது?’ இதெல்லாம்தான் வரும். (இப்படிப் பேசித்தான் ஃப்ரெண்ட்ஸ் குறைஞ்சு போயிட்டாங்க.)

தங்கச்சி இங்கே. அப்ப அண்ணன் எங்கே? ஸ்ரீரங்கப்பட்டணத்துல. 1782 டிசம்பர் 7-ல, சித்தூர் பக்கத்துல முகாம்ல இருந்தப்ப ஹைதர் இறந்துட்டார். மகன் திப்பு 1784-க்குள்ள அவருக்குக் கட்டி முடிச்சதுதான் ‘கும்பஸ்’. சதுரக் கட்டடம், சுத்தி பளபளன்னு கறுப்புக் கல் தூண், மேல ஒத்தை டோம். உள்சுவர் முழுக்கப் புலி வரி. ஹைதரும் அவர் மனைவி ஃபக்ருன்னிசாவும் அங்கே இருக்காங்க. 1799 மே 4-ல சண்டையில செத்த திப்புவையும் மறுநாள் அவங்க பக்கத்துலயே கொண்டு வந்து வச்சாங்க. மைசூர் டூர் போற காலேஜ் பஸ் எல்லாம் பிருந்தாவன்ல டான்ஸ் ஆடுற ஃபவுண்டனைப் பார்த்துட்டு, இதைக் கண்டுக்காம திரும்பிடும். கும்பஸ்ல பீஜப்பூர், கோல்கொண்டா சாயல்தான் ஜாஸ்தி. ஆனா தோட்டத்துக்கு நடுவுல மேடை கட்டி, அதுல சமாதியை நிறுத்தி, தலைக்கு மேல டோம் கவுக்கிற ஐடியா இருக்கே, அதை இந்தியாவுல ‘சூப்பர் ஹிட்’ ஆக்கின படம் வேற. ரிலீஸான ஊர் டெல்லி, வருஷம் 1572.

ஹுமாயூன் சமாதி.

ஆறு பேர்ல ஒருத்தர்

ஒரு குட்டி டெஸ்ட். முகலாயப் பேரரசர்கள்னு ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணினோமே, பாபர், ஹுமாயூன், அக்பர், ஜஹாங்கீர், ஷாஜஹான், அவுரங்கசீப். இந்த ஆறு பேர்ல எத்தனை பேர் டோமுக்குக் கீழே இருக்காங்க?

‘ஆறு பேரும்’னு சொன்னா ஜீரோ. பாபர் காபூல்ல ஒரு தோட்டத்துல, திறந்த வானத்துக்குக் கீழே. அக்பருக்கு சிக்கந்தராவுல மாடி மேல மாடியா அடுக்கி, உச்சியில மார்பிள் முற்றம் வச்சாங்க. பெரிய டோமே கிடையாது. லாகூர்ல ஜஹாங்கீருக்கு நாலு மூலையிலயும் மினார் உண்டு, கூரை மட்டும் ஃபிளாட். அவுரங்கசீப்புக்கு குல்தாபாத்ல வெறும் மண்ணும் வானமும்தான், சுத்தி இருக்கிற மார்பிள் தடுப்புகூட ரொம்பப் பின்னாடி வந்தது. மிச்சம் ஹுமாயூனும் ஷாஜஹானும். அதுலயும் தாஜ்மஹால் மும்தாஜுக்காகக் கட்டினது. ஷாஜஹான் பின்னாடி பக்கத்துல ‘அட்ஜஸ்ட்’ பண்ணிக்கிட்டார், அவ்வளவுதான். ஆக, ஒரு பாதுஷாவுக்குன்னே பிளான் போட்டு, தலைக்கு மேல பெரிய டோம் வச்சது இந்த ஆறு பேர்ல ஹுமாயூனுக்கு மட்டும்தான்!

வாழ்ந்தப்ப அதிர்ஷ்டமே இல்லாத மனுஷன் அவர். 1539-ல சௌசாவுல ஷேர்ஷாகிட்ட அடி வாங்கி ஓடினார். அந்தக் களேபரத்துல மனைவி பேகா பேகமே எதிரிகிட்ட மாட்டிக்கிட்டாங்க. ஷேர்ஷா ஜென்டில்மேன், பத்திரமா திருப்பி அனுப்பிட்டார். ஹுமாயூன் பல வருஷம் அலைஞ்சு, 1555-ல டெல்லியைத் திரும்பப் பிடிச்சார். மறு வருஷம் ஜனவரியில லைப்ரரி படிக்கட்டுல தவறி விழுந்து போய்ச் சேர்ந்தார். (லைப்ரரி பக்கமே போகாத நம்ம பசங்களுக்கு இது ஒரு எக்ஸ்க்யூஸ் ஆகிடப் போகுது!)

அந்த பேகா பேகம்தான் கட்டடத்தை முன்னாடி நின்னு கட்ட வச்சவங்க. ஹஜ் போயிட்டு வந்ததால ஹாஜி பேகம்னும் சொல்வாங்க. வேலை தொடங்கினது 1565 வாக்குல. ஹெராத், புகாரா பக்கம் வேலை பார்த்த மிராக் மிர்ஸா கியாஸ்ங்கிறவரை ஆர்க்கிடெக்டா போட்டாங்க. அவர் பாதியில இறந்துட, மகன் சையது முகம்மது முடிச்சார். தாஜ்மஹாலை ஒரு புருஷன் பொண்டாட்டிக்குக் கட்டினார்னு ஊரே பாட்டுப் பாடுது. அதுக்கு 60 வருஷம் முன்னாடியே ஒரு பொண்டாட்டி புருஷனுக்குக் கட்டியிருக்காங்க, அதைப் பத்தி யாருமே வாயைத் திறக்கலியே? என்ன நியாயம்ங்க இது!

ஆரஞ்சுத் தோல் இன்ஜினீயரிங்

இனி கொஞ்சம் மண்டையைக் குடையுற மேட்டர். பயப்படாதீங்க, ஃபார்முலா கிடையாது.

ஒரு ஆரஞ்சை ரெண்டா வெட்டி, சுளையைச் சாப்பிட்டுட்டு, பாதித் தோலைக் கவுத்து வைங்க. இப்ப உச்சியில விரலை வச்சு மெதுவா அமுக்குங்க. என்ன ஆகுது? உச்சி உடையாது. அடி ஓரம் வெளியே விரிஞ்சு, கீழேயிருந்து மேலா கிழியும். டோமோட பிரச்னையே அதுதான். பாதி உருண்டையா இருக்கிற டோம்ல, உச்சியிலிருந்து சுமார் 52 டிகிரி வரைக்கும் வளையம் வளையமா எல்லாமே ஒண்ணையொண்ணு நெருக்கிக்கிட்டு நிக்கும். அதுக்குக் கீழே உல்ட்டா. வளையம் விரியப் பார்க்கும், அதாவது டென்ஷன். செங்கல்லும் காரையும் எவ்வளவு நசுக்கினாலும் தாங்கும், இழுத்தா பொசுக்குனு விட்டுடும். இன்னிக்குன்னா நாம கம்பியைப் போட்டுட்டு ஹாயா இருப்போம். 1565-ல அந்த வசதி கிடையாது. அதனால கீழ்ப்பக்கம் கனமா சுவர் எழுப்பி, விரிய வர்றதை வெயிட்டாலயே அமுக்கி உட்கார வைக்கணும்.

ஹுமாயூன் சமாதியோட பிளானைப் பாருங்க. நடுவுல எட்டுப் பட்டை ரூம், நாலு மூலைக்கும் ஒவ்வொண்ணா இன்னும் நாலு எட்டுப் பட்டை ரூம். நடுவுல இருக்கிற பெரியவர் சாய்ஞ்சுடாம நாலு தம்பிங்க தோள் கொடுத்து நிக்கிற மாதிரி. இதுக்குப் பாரசீகத்துல ‘ஹஷ்த் பிஹிஷ்த்’, எட்டு சொர்க்கம்னு பேரு. அழகுக்காகன்னு கைடு சொல்வார். அழகுதான். ஆனா டோமோட தள்ளு வெளியே போகாம தடுக்கிற வேலையும் அந்த மூலை ரூம்களுக்கு இருக்கு. அதோட, சதுர ரூம் மேல வட்ட டோம் உட்கார வைக்கணும்னா நாலு மூலையிலயும் தாங்குறதுக்கு ஆள் இல்லாம தொங்கும். எட்டுப் பட்டைன்னா அந்தத் தலைவலி பாதி தரையிலேயே தீர்ந்துடும். 

அடுத்தது டபுள் டோம். வெளியேயிருந்து பார்த்தா 42.5 மீட்டர் உயரத்துல வெள்ளை மார்பிள் போர்த்திய டோம். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தா அது தெரியாது! கீழே இன்னொரு டோம் சீலிங் மாதிரி இருக்கும். ரெண்டுக்கும் நடுவுல காலி இடம். ஏன்னு யோசிச்சீங்களா? ஊருக்கே தெரியணும்னா டோம் உயரமா இருக்கணும். அவ்வளவு உயரத்தையும் உள்ளேயும் விட்டா, ரூம் ஏதோ வறண்ட கிணத்துக்குள்ள நிக்கிற மாதிரி ஆயிடும். அதனால வெளியே ஊருக்கு ஒரு டோம், உள்ளே வந்து நிக்கிறவங்களுக்கு ஒண்ணு. சமர்கண்ட்ல தைமூர் சமாதியிலேயே இந்த ரெட்டை வித்தை உண்டு. டெல்லியிலயும் இதுக்கு முன்னாடி சின்ன அளவுல பண்ணிப் பார்த்திருக்காங்க. இவ்வளவு பெருசா பண்ணினது இங்கேதான். தாஜ்மஹாலும் இதைப் பார்த்துதான் காப்பி அடிச்சுது. (காப்பி அடிச்சவன் ஃபர்ஸ்ட் மார்க், ஒரிஜினல் எழுதினவன் செகண்ட். எல்லா கிளாஸ்லயும் நடக்கிறதுதான்.)

அந்த டோம் உச்சியில ஒரு கலசம் உண்டு. 18 அடி. உள்ளே மரத்தண்டு, சுத்தி செம்புப் பாத்திரங்கள் ஒண்ணு மேல ஒண்ணு. 2014 மே 30-ல டெல்லியில அடிச்ச புயல்ல அது ஒடிஞ்சு விழுந்துடுச்சு. 2016-ல புதுசு வச்சாங்க. கலசம் விழுந்தப்ப டி.வி-யில எல்லாம் வந்துச்சு. ஆனா அதுக்கு முன்னாடி பல வருஷமா அதே கட்டடத்தோட தலையில வேற ஒரு விஷயம் உட்கார்ந்திருந்துச்சு. அது நியூஸ்ல அவ்வளவா வரலை. இந்தக் கட்டுரையே அதுக்காகத்தான்.

ஒரு கோட் போதும் சார்!

20-ம் நூற்றாண்டுல ஹுமாயூன் சமாதியோட மொட்டை மாடி ஒழுகுச்சு. என்ன பண்ணினாங்க? மேல சிமென்ட் கான்கிரீட் போட்டாங்க. கொஞ்ச நாள் நின்னுச்சு. மறுபடி ஒழுகுச்சு. மறுபடி கான்கிரீட். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஒவ்வொரு தடவையும் ‘இன்னும் ஒரு கோட் போதும்’தான். 2007-ல ஆகா கான் கலாசார அறக்கட்டளையும் தொல்லியல் துறையும் சேர்ந்து ரிப்பேர் வேலையை ஆரம்பிச்சப்ப, அந்தக் கூரையிலிருந்து பெயர்த்து எடுத்த கான்கிரீட் எவ்வளவு தெரியுமா? பத்து லட்சம் கிலோவுக்கு மேல! ஆயிரம் டன்! 1572-ல கட்டினவங்க கனவுலகூட நினைக்காத லோடு. அதையும் சுமந்துக்கிட்டு அந்தச் சுவர் நின்னுச்சுன்னா, மிராக் மிர்ஸாவுக்கு ஒரு சல்யூட் போடணும்.

எடுத்தது கையாலதான். மெஷின் வச்சு உடைச்சா அதிர்வுல பழைய கட்டு ஆடிடும்னு உளியும் சுத்தியலுமா, கூடை கூடையா இறக்கினாங்க. அப்புறம் பழைய முறைப்படியே சுண்ணாம்புத் தளம் போட்டாங்க. 2013-ல சமாதியோட வேலை முடிஞ்சுது.

சரி, சிமென்ட் அவ்வளவு கெட்டதா? இல்லைங்க. சிமென்ட் ஃபாக்டரி இருக்கிற மாவட்டத்துல பொறந்துட்டு அப்படிச் சொன்னா சோறு கிடைக்காது. புது பில்டிங்ல, கம்பியோட சேர்ந்து, சிமென்ட் ராஜா. ஆனா பழைய சுண்ணாம்புக் கட்டடத்து மேல போட்டா ரெண்டு பேருக்கும் ஒத்துக்காது. வெயில்ல கட்டடம் விரியும், ராத்திரி சுருங்கும். சுண்ணாம்பு கொஞ்சம் மெத்து, அந்த ஆட்டத்துக்கெல்லாம் வளைஞ்சு கொடுக்கும். சிமென்ட் முறுக்கு. வளையாது, விரிசல் விடும். விரிசல் வழியா தண்ணி உள்ளே போகும். போன தண்ணி திரும்ப ஆவியா வெளியே வரணுமே? மேல சிமென்ட் மூடி போட்டாச்சு, வராது. உள்ளேயே ஊறி, கீழே சீலிங் வழியா இறங்கும். நாம என்ன நினைப்போம்? ‘இன்னும் ஒழுகுதே, இன்னொரு கோட் போடு!’

சுண்ணாம்போட கதை வேற. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில சுட்டா கார்பன் டை ஆக்ஸைடு பறந்து போகும். நீத்தினா புஸ்ஸுனு கொதிச்சு சுண்ணாம்பு ஆகும். சுவர்ல பூசினா, காத்துல இருக்கிற அதே கார்பன் டை ஆக்ஸைடை மெதுவா இழுத்துக்கிட்டு மறுபடி கல்லாவே மாறும். ரிட்டர்ன் டிக்கெட்! மாறாம மிச்சம் இருக்கிற சுண்ணாம்பு, தலைமுடி அளவு விரிசல் விட்டா மழைத் தண்ணியில கரைஞ்சு, அந்த இடத்துலயே படிஞ்சு, விரிசலை அடைச்சுக்கும். இவ்வளவு பெரிய மேட்டருக்கு எங்க மெட்டீரியல்ஸ் புக்குல இருக்கிறது ரெண்டே பக்கம். ‘ரெண்டு மார்க் கொஸ்டினுக்குப் பார்த்துக்கோங்க’ன்னு தாண்டிடுவாங்க.

சின்னாளபட்டி மொட்டை மாடி

எனக்கு இது ரெண்டு மார்க் இல்லை. சின்னாளபட்டியில எங்க தாத்தா வீடு இருக்கு. தேக்கு உத்திரம், அது மேல குறுக்கா சட்டம், சட்டத்து மேல செங்கல்லைச் செங்குத்தா நிறுத்திச் சாய்வா அடுக்கி, அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடிச்ச தளம், மேல தட்டோடு. மெட்ராஸ் டெரஸ்னு புக்குல பேரு. எங்க பாட்டி ‘காரை மச்சு’ம்பாங்க. அந்தத் தளத்தைக் கடுக்காய்த் தண்ணியும் வெல்லத் தண்ணியும் தெளிச்சுத் தெளிச்சு, பொம்பளையாளுங்க வரிசையா உட்கார்ந்து கட்டையால நாள் கணக்கா அடிப்பாங்களாம். பாட்டிக்குக் கல்யாணம் ஆகி வந்தப்ப பக்கத்து வீட்டு மச்சுல அடிச்ச சத்தம் இன்னும் காதுல இருக்காம்.

இந்த மச்சு ஒழுக ஆரம்பிச்சு ரொம்ப வருஷம். நான் பொறக்கிறதுக்கு முன்னாடியே பெரியப்பா தட்டோட்டு மேல ஒரு சிமென்ட் தளம் போட்டார். நான் ஸ்கூல் படிக்கிறப்ப இன்னொண்ணு. போன ஐப்பசி மழையில முன் ரூம் சீலிங்ல தேங்காய் சைஸுக்குக் காரை பேர்ந்து, பாட்டி படுக்கிற கட்டில் மேலயே விழுந்துச்சு. நல்லவேளை, அப்ப அவங்க அடுப்படியில இருந்தாங்க. இந்த வருஷம் பெரியப்பா ரெண்டே சாய்ஸ் வச்சார். ஒண்ணு, மூணாவது கோட். இல்லைன்னா மச்சையே இடிச்சுட்டு ஆர்.சி.சி.

நான் நோட்டை எடுத்து ரெண்டு கோட்டுக்கும் கணக்குப் போட்டேன். ரெண்டும் சேர்ந்து மூணு இன்ச். சிமென்ட் கான்கிரீட் ஒரு கன மீட்டர் 2,400 கிலோ. பத்துக்குப் பன்னிரண்டு அடி ரூம். விடை கிட்டத்தட்ட 2,000 கிலோ! ரெண்டு ஆல்ட்டோ காரை மொட்டை மாடியில பார்க் பண்ணிட்டு, மூணாவதுக்கு இடம் தேடுற மாதிரி. அதுக்கு நேர் கீழே பாட்டி படுத்திருக்காங்க.

ஹுமாயூன் கதையைப் பெரியப்பாகிட்ட போட்டோவோட சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, ‘‘ஏம்மா இன்ஜினீயரு, பாதுஷா வீட்டுக்கு டிரஸ்ட்டு வந்துச்சு. நம்ம வீட்டுக்கு யாரும்மா வருவா?’’ன்னார். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. நியாயமான கேள்விதானே? சுண்ணாம்பு வேலைக்கு ஆள் கிடைக்கிறது கஷ்டம். நீத்தி வச்சு, புளிக்க விட்டு, அடிச்சு, காய விடணும். வாரக் கணக்கு ஆகும். ஆர்.சி.சி-க்கு ஒரே நாள்ல கான்கிரீட் போட்டு முடிச்சுடுவாங்க. பழைய வீட்டைக் காப்பாத்துங்கன்னு எழுதுறவங்க யாரும் இந்தச் செலவுக் கணக்கை எழுத மாட்டேங்கிறாங்க. ஒழுகுற வீட்டுல படுக்காதவங்க எழுதுறது அப்படித்தான் இருக்கும்.

நிலக்கோட்டை பக்கத்துலேயிருந்து வயசான ஒரு கொத்தனார் தாத்தாவைக் கூட்டிட்டு வந்தோம். எழுபதைத் தாண்டினவர். ஏணியில என்னைவிட வேகமா ஏறிட்டார். கரண்டிக் காம்பைத் திருப்பிப் பிடிச்சு, தளத்தை அங்கங்கே தட்டிக்கிட்டே போனார். ஓரத்துல ‘டங் டங்’. நடுவுல ‘டொப் டொப்’. ‘‘கேட்டியா தாயி? மேல போட்டது கீழே ஒட்டவே இல்ல. நடுவுல தண்ணி நிக்குது’’ன்னார். ஒரு இடத்துல மட்டும் சிமென்ட்டை உளியால எடுத்துப் பார்த்தா, மழை நின்னு எத்தனையோ வாரம் ஆகியும் அடியில ஈரம். அதுக்கும் அடியில இருந்த பழைய காரை? கெட்டியா இருக்கு! சட்டத்துல ரெண்டு மட்டும் கரையான். மிச்சம் தேக்கு கல்லு மாதிரி.

பெரியப்பா கீழேயிருந்தே ‘‘என்னய்யா சொல்ற?’’ன்னு கேட்டார். ‘‘மச்சு நல்லாத்தான் இருக்குங்கய்யா. மேல இருக்கிற சுமையை இறக்குங்க’’ன்னார் தாத்தா. அவரே இன்னொண்ணும் சொன்னார், அதையும் சொல்லிடணும். அடிக்கத் தெரிஞ்ச ஆள் அவர்கிட்ட இப்ப ரெண்டே பேர்தான். ஒரு ரூம்தான் முடியும், முழு வீடு முடியாது.

அதனால முடிவு இதுதான். பாட்டி ரூமுக்கு மட்டும் சிமென்ட்டை எடுத்துட்டு, கரையான் பிடிச்ச ரெண்டு சட்டத்தையும் மாத்திட்டு, சுண்ணாம்புத் தளம். பக்கத்து ரூமுக்கு இந்த மழை முடியுற வரைக்கும் தார்ப்பாய். அடுத்த வருஷம் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்துட்டு மிச்சத்தை முடிவு பண்றதுன்னு பெரியப்பா சொல்லிட்டார். ‘‘ஒழுகுச்சுன்னா உன் காலேஜ் ஃபீஸ்ல கழிச்சுக்குவேன்’’ன்னு வேற மிரட்டல். ஆவணியில வேலை ஆரம்பிச்சாச்சு. சிமென்ட்டை இறக்கின மூட்டையை நானும் தம்பியும்தான் எண்ணினோம். எங்க நோட்டுக் கணக்கு பெருசா தப்பலை.

மதுரை வரைக்கும் போதும்

டெல்லி போகக் காசில்லையா? மதுரைக்கு பஸ் ஏறுங்க. திருமலை நாயக்கர் மஹால் 1636-ல கட்டினது. அங்கே ஆக்ராவுல தாஜ்மஹால் வேலை நடந்துக்கிட்டிருந்த அதே காலம்! சொர்க்க விலாசத்துல நடு டோமுக்குக் கீழே நின்னு அண்ணாந்து பாருங்க. இரும்பும் கிடையாது, மர உத்திரமும் கிடையாது, செங்கல்லும் சுண்ணாம்பும் மட்டும்தான். நாம பார்த்த ஆரஞ்சுத் தோல் கணக்கை அங்கே நாயக்கரோட ஆளுங்க எப்படிச் சமாளிச்சிருக்காங்கன்னு ஓரச் சுவரோட கனத்தைப் பார்த்தாலே புரியும். பசங்க தூண்ல ஹார்ட் வரைஞ்சு பேர் எழுதாம இருந்தா இன்னும் நல்லா புரியும்.

டெல்லி ஐ.வி. போற பாக்கியசாலிகளுக்கு மட்டும் கொஞ்சம் டிப்ஸ். குதுப்மினார் முடிச்சதும் ஷாப்பிங்னு ஓடாதீங்க. ஹுமாயூன் சமாதிக்கு அரை நாள் வைங்க. உள்ளே நுழைஞ்சதும் தோட்டத்துல நடக்குறப்ப கீழே பாருங்க. நாலு பாகம், அதை வாய்க்காலும் பாதையும் பிரிச்சு மொத்தம் 36 கட்டம். மேடை ஏறினா இன்னும் நிறைய சமாதி தெரியும். முகலாயக் குடும்பத்துல 150 பேருக்கு மேல இங்கேதான். கடைசி பாதுஷா பகதூர் ஷா ஜஃபர் 1857 செப்டம்பர்ல இங்கிலீஷ்காரங்ககிட்ட பிடிபட்டதும் இதே வளாகத்துலதான். அவரை ரங்கூனுக்கு அனுப்பிட்டாங்க. 1862-ல அங்கேயே இறந்து, அங்கேயே புதைஞ்சார். பெரிய ஹால்ல நடுவுல இருக்கிற மார்பிள் கல் வெறும் அடையாளம். நிஜ சமாதி அதுக்கு நேர் கீழே, மேடைக்குள்ள. 2024-ல வாசல் பக்கத்துலயே புது மியூசியமும் திறந்திருக்காங்க. டபுள் டோமோட படம் பார்த்துட்டுக் கட்டடத்துக்குள்ள போனா ‘ஓ, இதுதானா’ன்னு சட்டுனு பிடிபடும்.

வெள்ளிக்கிழமை தாஜ்மஹால் லீவு, அதையும் பார்த்து டிக்கெட் போடுங்க. எல்லா குரூப்லயும் செல்ஃபி எடுத்தே லேட் பண்ற ஒருத்தன் இருப்பான். அவனுக்காக மட்டும் வெயிட் பண்ணாதீங்க!